புரொப்பேன்: சிலிண்டருக்குள் என்ன நடக்கிறது, வெளியே வந்தால் என்ன ஆகிறது

சமையல் சிலிண்டரைக் கொஞ்சம் சாய்த்து ஆட்டினால் உள்ளே ஏதோ தளும்புவது கைக்குத் தெரியும். வாயு தளும்பாது, தளும்புவது திரவம். புரொப்பேனைப் பற்றி வீட்டில் இருப்பவர் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதி இதற்குள் அடங்கிவிடும். சிலிண்டருக்குள் அது அழுத்தத்தால் திரவமாக இருக்கிறது, வெளியே வந்ததும் வாயுவாகிவிடுகிறது. மீதிப் பாதி, அந்த வாயு காற்றைவிடக் கனமானது என்பதில் இருக்கிறது.

சிலிண்டரைப் படுக்க வைக்காதே, நிலவறையில் வைக்காதே, வெயிலில் போடாதே, தீக்குச்சி கொளுத்திக் கசிவைத் தேடாதே என்று ஒரு நீண்ட பட்டியல் எல்லோருக்கும் சொல்லப்படுகிறது. பட்டியலை மனப்பாடம் செய்தவருக்கு அதில் இல்லாத ஒரு நிலைமை வந்தால் கை ஓடாது. மேலே சொன்ன இரண்டு விஷயங்களும் மனசில் பதிந்தவருக்குப் பட்டியலே தேவைப்படாது. அதனால் இங்கே காரணத்திலிருந்து தொடங்குகிறேன்.

என்ன பொருள் இது

புரொப்பேன் ஒரு ஹைட்ரோகார்பன். ஒரு மூலக்கூறில் மூன்று கார்பன் அணுக்கள், எட்டு ஹைட்ரஜன் அணுக்கள். குழாய் வழியே வரும் இயற்கை எரிவாயுவில் பெரும்பகுதியாக இருக்கும் மீத்தேனில் கார்பன் ஒன்றுதான். லைட்டரில் இருக்கும் பியூட்டேனில் நான்கு. இயற்கை எரிவாயுவைச் சுத்தம் செய்யும்போதும் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும்போதும் புரொப்பேனும் பியூட்டேனும் பிரிந்து கிடைக்கின்றன.

ஒரு காலத்தில் இவை தொல்லையாகத்தான் பார்க்கப்பட்டன. அன்றைய பெட்ரோலில் இவை கலந்திருந்ததால் அது தொட்டியில் இருந்தபடியே ஆவியாகிப் போய்க்கொண்டிருந்தது. 1910-இல் அமெரிக்கச் சுரங்கத் துறையின் வேதியியலாளர் வால்டர் ஸ்னெல்லிங் இதை ஆராயப் போய், ஆவியாகிப் போவது புரொப்பேன், பியூட்டேன் போன்ற வாயுக்கள் என்று கண்டுபிடித்தார். அவற்றைத் தனியே பிரித்துத் திரவமாக்கி அடைக்கும் முறைக்கு 1913-இல் காப்புரிமையும் பெற்றார். வீட்டு எரிபொருளாக இதன் கதை அங்கிருந்துதான் ஆரம்பம்.

எல்பிஜி என்று நாம் சொல்வது பெரும்பாலும் புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த கலவை. எது எவ்வளவு என்பது இடத்தின் வெப்பநிலையைப் பொறுத்தது. புரொப்பேன் கொதிப்பது மைனஸ் 42 டிகிரி செல்சியஸில். பியூட்டேன் கொதிப்பது கிட்டத்தட்ட மைனஸ் அரை டிகிரியில். ஆக, தண்ணீர் உறையும் குளிரில் பியூட்டேன் சிலிண்டரைத் திறந்தால் எதுவும் வராது. திரவம் திரவமாகவே உட்கார்ந்திருக்கும். புரொப்பேன் அந்தக் குளிரிலும் தயங்காமல் ஆவியாகும். குளிர்ப் பிரதேசங்களில் புரொப்பேனும், வெப்பமான இடங்களில் பியூட்டேன் கூடிய கலவையும் புழங்குவதற்குக் காரணம் இதுதான்.

இதில் ஒரு ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. 20 டிகிரியில் பியூட்டேனின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல இரண்டு மடங்குதான். புரொப்பேனின் அழுத்தமோ எட்டு மடங்குக்கும் மேல். பியூட்டேனுக்காகச் செய்த சிலிண்டரில் யாரோ மலிவாக நிரப்பித் தருகிறார்கள் என்று புரொப்பேனை நிரப்பினால், அந்தச் சிலிண்டர் தாங்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. ரெகுலேட்டரும் அப்படியே. ஒன்றுக்கானதை இன்னொன்றில் மாட்டக் கூடாது.

உள்ளே நடப்பது

மூடிய சிலிண்டருக்குள் கீழே திரவம், மேலே ஆவி. திரவம் கொதித்து ஆவியாகப் பார்க்கிறது. மேலே சேர்ந்த ஆவி அழுத்தி அதைக் கொதிக்கவிடாமல் நிறுத்துகிறது. இரண்டும் ஒரு சமநிலையில் நிற்கின்றன. அடுப்பைத் திருகியதும் மேலே இருக்கும் ஆவி கொஞ்சம் வெளியேறுகிறது, அழுத்தம் இறங்குகிறது, உடனே திரவம் கொஞ்சம் கொதித்து அந்த இடத்தை நிரப்புகிறது. மோட்டார் இல்லை, பம்ப் இல்லை. திரவமே தன் அழுத்தத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது.

இந்த அழுத்தம் எதைப் பொறுத்தது? வெப்பநிலையை மட்டும். எவ்வளவு திரவம் மிச்சம் இருக்கிறது என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. பூஜ்ஜியம் டிகிரியில் வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு, 20 டிகிரியில் எட்டுக்கு மேல், 40 டிகிரியில் பதின்மூன்றுக்கு மேல். சிலிண்டர் முக்கால்வாசி இருந்தாலும் சரி, அடியில் ஒரு டம்ளர் இருந்தாலும் சரி, அழுத்தம் அதேதான். சிலிண்டரில் அழுத்தமானி ஒன்றை மாட்டிவிட்டு, முள் நன்றாக ஏறி நிற்கிறதே என்று நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு, பாவம். கடைசிச் சொட்டுத் திரவம் தீரும்வரை முள் அப்படியேதான் நிற்கும். அதன் பிறகு மளமளவென்று விழும்.

எவ்வளவு இருக்கிறது என்று அறிய எடை போடுவதுதான் சரியான வழி. சிலிண்டரின் கழுத்துப் பகுதியிலோ பக்கவாட்டிலோ காலிச் சிலிண்டரின் எடை பொறித்திருப்பார்கள். மொத்த எடையிலிருந்து அதைக் கழித்தால் மிச்சம் இருப்பது தெரிந்துவிடும். தராசு இல்லையென்றால் ஒரு பழைய உத்தி இருக்கிறது. வெதுவெதுப்பான தண்ணீரை ஒரு செம்பு எடுத்து சிலிண்டரின் ஒரு பக்கமாக மேலிருந்து கீழே ஊற்றிவிட்டு, சில விநாடி கழித்து உள்ளங்கையால் அதே பக்கத்தை மேலிருந்து தடவிக்கொண்டே வர வேண்டும். ஆவி இருக்கும் இடத்தில் இரும்பு சூடு ஏறி வெதுவெதுப்பாகவே இருக்கும். திரவம் இருக்கும் இடத்தில் அது சூட்டை இழுத்துக்கொள்வதால் சட்டென்று சில்லென்று படும். அந்த மாறும் கோடுதான் திரவ மட்டம்.

கொதிப்பதற்கு வெப்பம் வேண்டும் அல்லவா? சிலிண்டர் அதைச் சுற்றியுள்ள காற்றிலிருந்து தன் சுவர் வழியே வாங்குகிறது. பெரிய பர்னரை நீண்ட நேரம் முழு வேகத்தில் எரித்தால் வாங்குவதைவிடச் செலவு அதிகமாகி, உள்ளே இருக்கும் திரவம் குளிர்ந்துபோகும். சிலிண்டரின் வெளியே திரவ மட்டம் வரை வியர்க்கும், சில நேரம் பனிப்படலமே பிடிக்கும். பார்த்துப் பயப்பட வேண்டாம், அது கசிவு அல்ல. ஆனால் திரவம் குளிர்ந்தால் அழுத்தமும் இறங்கும், தீ சோர்ந்துவிடும். அப்போது சிலிண்டரை வெந்நீர்ப் பாத்திரத்தில் இறக்குவதும், அடியில் தணல் காட்டுவதும் சிலருக்குத் தோன்றும் யோசனை. அதைச் செய்யவே கூடாது. அடுப்பை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் விட்டால் தானாகச் சரியாகும். எப்போதும் இப்படி ஆகிறதென்றால் அந்த அடுப்புக்கு அந்தச் சிலிண்டர் சிறியது என்று அர்த்தம்.

சிலிண்டரை ஏன் முழுக்க நிரப்புவதில்லை என்பதும் திரவத்தைப் பற்றிய விஷயம்தான். வழக்கமாக உள்ளளவில் சுமார் 80 சதவீதம்தான் திரவம் இருக்கும். மீதி ஆவிக்கான இடம். புரொப்பேன் திரவம் சூட்டில் தண்ணீரைவிடப் பல மடங்கு அதிகமாக விரியக் கூடியது. 15 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்கு ஏறினால் அதன் கன அளவு சுமார் எட்டில் ஒரு பங்கு கூடிவிடும். மேலே இடம் விட்டிருந்தால் விரிந்த திரவம் ஆவியைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொள்ளும். இடமே இல்லையென்றால்? ஆவியை அழுத்திச் சுருக்கலாம், திரவத்தைச் சுருக்க முடியாது. அழுத்தம் நேராக இரும்பின் மீது ஏறும். அதனால்தான் ஒரு சிலிண்டரிலிருந்து இன்னொரு சிலிண்டருக்கு வீட்டிலேயே மாற்றி நிரப்பும் வேலையை நான் முழு முட்டாள்தனம் என்று சொல்வேன். எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று பார்க்கும் வழியே அந்த வேலையில் பெரும்பாலும் இருக்காது, நடுவில் சிந்துவது தனிக் கதை.

பல வகைச் சிலிண்டர்களில் அழுத்தம் எல்லை மீறினால் தானாகத் திறந்து கொஞ்சம் வாயுவை வெளியேற்றும் பாதுகாப்பு வால்வு உண்டு. அது சிலிண்டரின் மேல்பகுதியில், ஆவி இருக்கும் இடத்தில் இருக்கும். சிலிண்டரைப் படுக்கப் போட்டால் வால்வுகள் இருக்கும் இடத்துக்குத் திரவம் வந்துவிடும். அப்போது வெளியேறுவது ஆவியல்ல, திரவம். ஒரு லிட்டர் திரவ புரொப்பேன் வெளியே வந்தால் சுமார் 270 லிட்டர் வாயுவாக விரியும். ஆவிக்காகச் செய்த ரெகுலேட்டருக்குள் திரவம் புகுந்தால் பர்னரில் என்ன ஆகும் என்று இந்தக் கணக்கே சொல்லிவிடும். நிமிர்த்தி வை என்ற விதிக்குப் பின்னால் இருப்பது இதுதான்.

ரெகுலேட்டர், டியூப்

சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தத்தை அப்படியே அடுப்புக்குக் கொடுக்க முடியாது. வீட்டு அடுப்புக்குத் தேவைப்படுவது ஏறக்குறைய 30 மில்லிபார். ஒரு கண்ணாடிக் குழாயில் தண்ணீரை ஓர் அளவுகோல் உயரத்துக்கு, அதாவது 30 சென்டிமீட்டருக்கு நிரப்பினால் அடியில் என்ன அழுத்தம் இருக்குமோ அவ்வளவுதான். 20 டிகிரியில் இருக்கும் சிலிண்டர் தள்ளுவதோ அதைப் போல இருநூறு மடங்குக்கும் அதிகம். இவ்வளவு பெரிய இறக்கத்தை உள்ளங்கையில் அடங்கும் ஒரு ரெகுலேட்டர் செய்கிறது. உள்ளே ஒரு ரப்பர் சவ்வு, ஒரு ஸ்பிரிங், ஒரு சிறு வால்வு. அவ்வளவுதான் அதன் இயந்திரம்.

அந்தச் சவ்வு அசைவதற்குக் காற்றுப் போய்வர ரெகுலேட்டரின் உடலில் ஒரு சிறு துளை இருக்கும். துணி சுற்றி மூடுவதும், பெயின்ட் அடித்து அடைப்பதும் அதன் வேலையைக் கெடுக்கும். ரப்பருக்கு வயதாகும் என்பதால் ரெகுலேட்டருக்கும் காலக்கெடு உண்டு. ‘நன்றாகத்தானே எரிகிறது’ என்பது அதை நீட்டிப்பதற்குக் காரணம் ஆகாது. தட்டிப் பார்ப்பது, பிரித்துச் சரிசெய்வது எதுவும் வேண்டாம். சந்தேகம் வந்தால் மாற்றிவிடுங்கள்.

டியூபும் அப்படித்தான். புரொப்பேன் இயற்கை ரப்பரை ஊறவைத்து மென்மையாக்கிவிடும். அதனால் கண்ணில் பட்ட ரப்பர் குழாயை வெட்டி மாட்டக் கூடாது. எல்பிஜிக்கென்று செயற்கை ரப்பரில் செய்து, அப்படியே அச்சிட்டு வரும் டியூப்தான் வேண்டும். அது அடுப்பின் சூடான பின்பக்கத்தில் உரசாமல், மடங்காமல், நாற்காலிக் கால் மிதிக்காமல் இருக்க வேண்டும். இரண்டு முனையிலும் கிளிப் இறுக்கமாக இருக்க வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை டியூபைக் கையில் பிடித்து இரண்டு பக்கமும் வளைத்துப் பாருங்கள். நேராகத் தொங்கும்போது தெரியாத மயிரிழை வெடிப்புகள் வளைக்கும்போது வாய் திறக்கும், பெரும்பாலும் முனைகளுக்கு அருகில். அங்கேதான் டியூப் அதிகம் ஆட்டப்படுகிறது.

சிலிண்டர் மாற்றும்போது வீட்டில் எந்தத் தீயும் எரியக் கூடாது, பூஜை விளக்கோ ஊதுபத்தியோ உட்பட. வால்வு வாயில் இருக்கும் ரப்பர் வளையம் இருக்கிறதா, பிய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பல கசிவுகளுக்கு இந்தச் சின்ன வளையம்தான் காரணம். மரை வைத்துத் திருகும் வகைச் சிலிண்டர்களில் பலவற்றுக்கு மரை தலைகீழாக இருக்கும், இடப்பக்கம் திருப்பினால்தான் இறுகும். எரியும் வாயுவையும் எரியாத வாயுவையும் யாரும் மாற்றி இணைத்துவிடக் கூடாது என்பதற்காகவே அந்த ஏற்பாடு. இது தெரியாமல் பலம் கொண்ட மட்டும் எதிர்ப்பக்கம் திருகி மரையைக் கெடுப்பவர்கள் உண்டு.

மாட்டியதும் சோப்புத் தண்ணீர். பாத்திரம் கழுவும் சோப்பை நுரை வரக் கரைத்து, பஞ்சிலோ பிரஷிலோ தொட்டு ஒவ்வொரு இணைப்பிலும் தடவி, அடுப்பின் திருகுகளை மூடி வைத்துவிட்டுச் சிலிண்டர் வால்வை மட்டும் திறந்து பார்க்க வேண்டும். அவசரப்படாமல் ஒரு நிமிடம் பாருங்கள். பெரிய கசிவு உடனே குமிழை ஊதும். சிறு கசிவு மெல்ல, வெண்மையாக, மணல் போல நுண்ணிய குமிழ்களைக் கட்டும். அதைத்தான் கண் தவறவிடும். குமிழ் வளர்ந்தால் வால்வை மூடி, இணைப்பைக் கழற்றி, மறுபடி மாட்டிப் பாருங்கள். அப்போதும் வந்தால் அந்தச் சிலிண்டரைத் திறந்த வெளியில் நிமிர்த்தி வைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

வெளியே வந்த வாயு எங்கே போகிறது

புரொப்பேன் வாயு காற்றைப் போல ஒன்றரை மடங்கு கனம். பியூட்டேன் இரண்டு மடங்கு. மீத்தேன் காற்றைவிட லேசானது, கசிந்தால் கூரையை நோக்கிப் போகும். புரொப்பேன் தரையில் கொட்டிய தண்ணீர் போலப் போகும்: பள்ளம் பார்த்து ஓடும், கதவிடுக்கில் நுழையும், படியிறங்கும், சாக்கடைத் துளையில் விழும், நிலவறையில் தேங்கும். காற்றோட்டம் இல்லாத பள்ளத்தில் அது வெகுநேரம் நிற்கும்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. புரொப்பேன் காற்றில் எந்த அளவில் கலந்தாலும் எரிந்துவிடாது. சுமார் 2 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் எரியாது, சுமார் 10 சதவீதத்துக்கு மேலே போனாலும் எரியாது. நடுவில் இருந்தால் ஒரு பொறி போதும். ஒரு லிட்டர் திரவம், அதாவது ஏறக்குறைய அரைக் கிலோ, 270 லிட்டர் வாயுவாகிறது என்று பார்த்தோம். அது காற்றோடு 2 சதவீத அளவில் கலந்தால் சுமார் 13 கன மீட்டர் எரியும் கலவை. இரண்டு மீட்டர் அகலம், இரண்டரை மீட்டர் நீளம், இரண்டரை மீட்டர் உயரம் உள்ள ஒரு சிறிய சமையலறை முழுவதும் அவ்வளவுதான் பிடிக்கும். ஒரு லிட்டருக்கே இந்தக் கதி. அதுவும் வாயு சீராகப் பரவினால். உண்மையில் அது தரையோடு சேர்ந்து கிடப்பதால், முழங்கால் உயரத்துக்குள் எரியும் அளவு சேர்ந்துவிட இதைவிட மிகக் குறைவானதே போதும்.

வாயு அதிகமாக இருக்கிறது, 10 சதவீதத்தைத் தாண்டிவிட்டது, ஆகவே எரியாது என்று யாராவது சமாதானம் சொன்னால் நம்ப வேண்டாம். அந்த மேகத்தின் விளிம்பில் எங்கேயோ சரியான கலவை இருந்தே தீரும். கதவைத் திறந்து காற்று உள்ளே வர வர, அடர்ந்த கலவை மெலிந்து மெலிந்து எரியும் எல்லைக்குள் ஒருமுறை நுழைந்துதான் வெளியேறும்.

இந்த வாயு நகர்ந்து போகும் விதத்துக்கு ஒரு கொடுமையான உதாரணம் 1966 ஜனவரியில் பிரான்ஸின் ஃபேசான் சுத்திகரிப்பு ஆலையில் நடந்தது. புரொப்பேன் நிரம்பிய ஒரு பெரிய கோளத் தொட்டியின் அடிப்பக்கக் குழாயைத் திறந்து தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தபோது, வெளியேறிய புரொப்பேனின் குளிர்ச்சியில் வால்வு உறைந்து மூட முடியாமல் போனது. வாயு தரையோடு ஊர்ந்து ஆலைக்கு வெளியே பக்கத்துச் சாலை வரை போய்விட்டது. அங்கே வந்த ஒரு கார் அதைப் பற்றவைத்தது. தீ மேகத்தின் வழியே திரும்பி ஓடி வந்து தொட்டியைப் பிடித்துக்கொண்டது. பதினெட்டுப் பேர் இறந்தார்கள். வீட்டு அளவில் நடப்பதும் இதே விதந்தான்: கசிவது ஓரிடம், பற்றுவது வேறிடம். பக்கத்து அறையில் தரையோடு வைத்த ஃபிரிட்ஜின் ரிலே சுவிட்சில் தெறிக்கும் பொறி போதும், வெந்நீர் பாய்லரின் சிறு சுடர் போதும்.

வாசனை

புரொப்பேனுக்குச் சொந்த வாசனை கிடையாது. அழுகிய முட்டைக்கோஸ் போல நாம் முகர்வது அதில் கலக்கப்படும் எத்தில் மெர்காப்டன். வாசனை கலப்பது கட்டாயமானதற்குப் பின்னால் 1937 மார்ச் மாதத்து ஒரு துயரம் இருக்கிறது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊரின் பள்ளிக்கூடத்தில் தரைக்கடியில் கசிந்து சேர்ந்திருந்த வாசனையற்ற இயற்கை எரிவாயு வெடித்து, ஏறக்குறைய 300 பேர், பெரும்பாலும் குழந்தைகள், இறந்துபோனார்கள். யாருக்கும் எதுவும் முகர முடியவில்லை. அதன் பிறகு எரிவாயுவில் வாசனை சேர்க்க வேண்டும் என்று சட்டங்கள் வந்தன. காற்றில் எரியும் எல்லையின் ஐந்தில் ஒரு பங்கு அளவு வாயு கலந்தபோதே மூக்குக்குத் தெரிய வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. ஆக, மெல்லிய வாசம் வரும்போது பொதுவாக இன்னும் நேரம் இருக்கிறது. அந்த நேரத்தை வீணாக்கக் கூடாது.

ஆனால் மூக்கை மட்டும் நம்பி இருக்க முடியாது. ஒரே வாசனையில் சில நிமிடங்கள் இருந்தால் மூக்கு அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். சளி பிடித்தவருக்கும் வயதானவருக்கும் மோப்பம் குறைவு. தூங்குகிறவரை வாசனை எழுப்பும் என்று சொல்ல முடியாது. துருப்பிடித்த சிலிண்டர்ச் சுவரும், நிலத்தடிக் குழாய் கசிந்தால் சுற்றியுள்ள மண்ணும் மெர்காப்டனை உறிஞ்சிவிடுவது உண்டு. அதனால் வாயு கண்டறியும் கருவி ஒன்று வைப்பது நல்லது. அதை எங்கே மாட்டுவது? இப்போது உங்களுக்கே தெரியும்: தரைக்குச் சற்று மேலே. மீத்தேன் வரும் வீட்டில் கூரையருகே மாட்டச் சொல்லியிருப்பார்கள். அதைப் பார்த்து இங்கேயும் மேலே மாட்டினால் வாயு கீழே தேங்கி முடிந்த பிறகுதான் அது கூவும்.

வாசனை வந்துவிட்டது. முதலில் எரிகிற தீயை அணையுங்கள். எந்த சுவிட்சையும் தொடாதீர்கள், போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். இரண்டிலும் உள்ளே ஒரு பொறி தெறிக்கும். எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டு வாயுவை வெளியே தள்ளலாம் என்று தோன்றும், அதுவும் சுவிட்ச்தான். போன் பேசுவதும் வெளியே போய்தான். கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் சிலிண்டர் வால்வை மூடுங்கள், போகிற வழியில் கதவு ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள், எல்லோரையும் கூட்டிக்கொண்டு வெளியேறுங்கள். வாயு தரையோடு இருப்பதால் ஜன்னலைவிடக் கதவு அதிகம் உதவும். வாசனை பலமாக இருந்தால் வால்வைத் தேடிக்கொண்டு நிற்கவே வேண்டாம். முதலில் ஆட்கள் வெளியே, பிறகு தீயணைப்புத் துறைக்கு போன். வாசனை போய்விட்டதே என்று நீங்களாகவே திரும்பிப் போகாதீர்கள், போனது வாயுவா உங்கள் மோப்பமா என்று அந்த நேரத்தில் சொல்ல முடியாது.

கசியும் இடத்தில் ஏற்கெனவே தீ பிடித்து எரிகிறதென்றால் நிலைமை வேறு. வால்வை மூட முடிந்தால் மூடுங்கள், தீ தானாக அணையும். மூட முடியாது என்றால் அந்தச் சுடரை மட்டும் ஊதியோ போர்த்தியோ அணைக்க முயலாதீர்கள். எரிகிற வாயு கண்ணுக்குத் தெரிகிறது. அணைத்துவிட்டால் அதே வாயு எரியாமல் அறையில் சேரும், அடுத்த பொறிக்குக் காத்திருக்கும். தீ சிலிண்டரின் உடலைச் சுட ஆரம்பித்துவிட்டால் தூரமாக ஓடுவதைத் தவிர வேறு வேலை இல்லை. திரவம் தொட்டுக்கொண்டிருக்கும் சுவரைத் திரவமே குளிர்விக்கும்; ஆவி மட்டும் இருக்கும் மேல்சுவர் சுட்டுப் பலமிழந்து கிழியும். கிழிந்த கணத்தில் உள்ளே மிச்சமிருக்கும் திரவம் முழுவதும் ஒரே வீச்சில் கொதித்து வெளியே பாயும். ஃபேசானில் கோளத் தொட்டி வெடித்தது இப்படித்தான்.

எரியும்போது

ஒரு பங்கு புரொப்பேன் வாயு முழுமையாக எரிய சுமார் 24 பங்கு காற்று வேண்டும். காற்று போதுமானதாக இருந்தால் சுடர் நீலமாக, உள்ளே கூர்மையான ஒரு சிறு கூம்போடு, பர்னரில் ஒட்டி நிற்கும். அதிலிருந்து வருவது கரியமில வாயுவும் நீராவியும்தான். ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் சுமார் 3 கிலோ கரியமில வாயுவும் 1.6 கிலோ தண்ணீரும் உண்டாகும். மூடிய சமையலறையில் கண்ணாடிகள் வியர்ப்பது பாத்திரத்தில் கொதிக்கும் தண்ணீரால் மட்டும் அல்ல.

சுடர் மஞ்சளாகித் தளர்ந்து ஆடுகிறது, பாத்திரத்தின் அடியில் கரி பிடிக்கிறது என்றால் காற்று போதவில்லை. பர்னர் துளைகள் அடைத்திருக்கலாம், காற்று நுழையும் குழாய்க்குள் சிலந்தி வலை கட்டியிருக்கலாம். வெளியில் வைத்து அவ்வப்போது மட்டும் பயன்படுத்தும் அடுப்புகளில் இது சாதாரணமாக நடக்கும். எப்போதாவது ஆரஞ்சு நிறத்தில் பொறி தெறித்தால் அது தூசியோ உப்போ, கவலை வேண்டாம். இயற்கை எரிவாயுவுக்கான அடுப்பில் ஜெட்டை, அதாவது பர்னருக்கு வாயுவை விடும் சிறு துளைத் திருகை, மாற்றாமல் புரொப்பேனை இணைத்தாலும் இதே நிலை, இன்னும் மோசமாக. ஒரே கன அளவில் புரொப்பேனில் இருக்கும் ஆற்றல் இயற்கை எரிவாயுவைப் போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு. பெரிய துளை வழியே வந்தால் சுடர் ஆளுயரம் எழும்பும்.

அரைகுறையாக எரிந்தால் வருவது கார்பன் மோனாக்சைடு. இதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை; புரொப்பேனில் கலந்த மெர்காப்டனும் தீயில் எரிந்துபோய்விடும். ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினோடு இது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் பலமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, தலைசுற்றல், குமட்டல் என்று தொடங்கும். வீட்டில் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் தலை வலித்து, வெளியே போனதும் சரியானால் அடுப்பையோ ஹீட்டரையோ சந்தேகப்படுங்கள். வெளியில் பயன்படுத்தச் சொல்லி விற்கும் கிரில்லையும் ஹீட்டரையும் குளிருக்காக அறைக்குள், கூடாரத்துக்குள், காருக்குள் எடுத்துப் போனவர்கள் தூக்கத்திலேயே இறந்திருக்கிறார்கள். வாயுக் கசிவுக் கருவி கார்பன் மோனாக்சைடைக் கண்டுபிடிக்காது. அதற்குத் தனிக் கருவி வேண்டும்.

தானாகப் பற்றும் வசதி இல்லாத அடுப்பில் முதலில் தீக்குச்சி, அப்புறம் திருகு. சில விநாடிகளில் பற்றவில்லை என்றால் மூடிவிட்டு, வாயு கலைய இரண்டு மூன்று நிமிடம் விட்டுவிட்டு மறுபடி முயலுங்கள்.

எங்கே வைப்பது, எப்படிக் கொண்டுபோவது

வீட்டுக்கு வெளியே, நிழலில், சமதரையில், நிமிர்ந்து நிற்கும்படி வைப்பது மிக நல்லது. அருகில் சாக்கடைத் துளையோ நிலவறை ஜன்னலோ இருக்கக் கூடாது. பெட்டிக்குள் வைத்தால் பெட்டியின் அடியில் காற்றுத் துளை கட்டாயம். மேலே மட்டும் துளை வைத்த அலங்கார அலமாரிகள் புரொப்பேனுக்கு ஒன்றுக்கும் உதவாது. சிலிண்டரில் பொறித்திருக்கும் பரிசோதனைத் தேதி தாண்டியிருந்தாலும், அடிவளையம் துருவேறிச் செதில் செதிலாக உதிர்ந்தாலும் வாங்காதீர்கள்.

திரவம் கையில் பட்டால் தீப்புண் போலவே ஆகும், ஆனால் குளிரால். தேய்க்காமல் வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

வண்டியில் கொண்டுபோகும்போது வால்வை மூடி, அதன் வாயில் மூடியை மாட்டி, உருளாதபடி நிமிர்த்திக் கட்டி, ஜன்னலைத் திறந்து வைத்து நேராகப் போய்ச் சேருங்கள். வெயிலில் பூட்டிய காருக்குள் விட்டுவிட்டுப் போகக் கூடாது. காலிச் சிலிண்டருக்கும் இதே கவனம் வேண்டும். அடுப்பு எரியாமல் நின்றுபோன பிறகும் அதற்குள் ஆவி நிறைந்துதான் இருக்கும், திரவம் மட்டும்தான் தீர்ந்திருக்கும். அதன் வால்வையும் மூடித்தான் வைக்க வேண்டும். அதை வெட்டுவதோ, துளை போடுவதோ, பழைய இரும்போடு போடுவதோ கூடாது. நிரப்பித் தந்த இடத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.